விண்டோஸை எழுப்பாமல் வைரஸ் நீக்கம்: ரெஸ்க்யூ டிஸ்க், அறிகுறி வாரியாக

சர்வீஸுக்கு வரும் கணினிகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது: "ஆன்டிவைரஸ் நீக்கிட்டேன்னு காட்டுது சார், ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடியும் அங்கேயே நிக்குது." விண்டோஸ் ஓடும்போது வைரஸும் கூடவே ஓடுகிறது. அழிக்க வரும் மென்பொருளை முடக்குகிறது, அழித்த கோப்பை மறுபடி எழுதிவிடுகிறது. பென்டிரைவில் உள்ள வேறொரு சிறிய இயங்குதளத்தில் கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் வைரஸ் வெறும் கோப்புதான். ரெஸ்க்யூ டிஸ்க்கின் பலம் அவ்வளவுதான். ஆனால் பிடிவாதமான வைரஸுக்கு அந்தப் பலம்தான் தேவை.

உங்கள் கணினி என்ன காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். எந்தத் தலைப்புக்குப் போனாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் நகல், பிறகு ஸ்கேன். வைரஸ் தின்றதை விட, அவசரமாக நீக்கப் போய் இழந்த போட்டோக்களும் கணக்குப் புத்தகங்களும்தான் அதிகம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வைரஸ் இல்லாத இன்னொரு கணினி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, கோப்புகளை நகலெடுக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று. நோய் வந்த கணினியிலேயே ரெஸ்க்யூ டிஸ்க் தயாரிக்காதீர்கள். தயாரித்த பென்டிரைவை அந்தக் கணினியில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவும் கூடாது. பவரை முழுதாக அணைத்த பிறகே செருகுங்கள். சிடி டிரைவ் உள்ள பழைய கணினி என்றால் சிடியிலோ டிவிடியிலோ எழுதுவது இன்னும் நல்லது, ஏனென்றால் ஒருமுறை எழுதிய தட்டில் வைரஸ் புகுந்து எழுத முடியாது.

டாக்டர்வெப் லைவ்டிஸ்க், காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க், அவிரா ரெஸ்க்யூ சிஸ்டம் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 2024-ல் வந்த அரசுத் தடையால் காஸ்பர்ஸ்கி ஒத்துவராது. பிட்டிஃபெண்டரின் பழைய ரெஸ்க்யூ சிடி நிறுத்தப்பட்டுவிட்டது. எங்கோ கிடைக்கும் பழைய ஐஎஸ்ஓ கோப்பை (டிஸ்க்கின் முழு நகலை ஒரே கோப்பாக வைத்தது) நம்பி இறக்காதீர்கள். எதுவானாலும் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அன்றைக்கே புதிதாக இறக்குங்கள். அதைப் பென்டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும்.

இவற்றையெல்லாம் தேடும் முன் ஒன்றை முயன்று பாருங்கள். விண்டோஸ் 10-லும் 11-லும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால், கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் நடக்கும். ஏறக்குறைய 15 நிமிட வேலை. முடிவு புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பதிவாகும். சாதாரண டிரோஜன்களில் நிறைய இதிலேயே போய்விடும்.

### பிட்லாக்கர் சாவி இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள்

இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸின் பிட்லாக்கர், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க்கைப் பூட்டியிருக்கும். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு ஹோம் பதிப்புக் கணினிகளிலும் இது பரவலாகிவிட்டது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு) செக்யூர் பூட்டை, அதாவது ஏற்கப்பட்ட கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் காவலை, அணைத்துவிட்டு விண்டோஸைத் தொடங்கினால் நீலத் திரை வந்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டங்களில் 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும். பெரும்பாலும் அது அந்தக் கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் விசையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒரே கணக்கில் நாலைந்து விசைகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் விசை அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கும். அவர்களைக் கேட்காமல் தொடவே கூடாது.

## அறிகுறி 1: நீக்கிய வைரஸ் திரும்ப வருகிறது, ஆன்டிவைரஸ் திறக்க மறுக்கிறது

வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று பெட்டி வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்குப் பிரவுசரில் அறிவிப்பு அனுமதி கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள். பெட்டி நின்றுவிட்டால் ரெஸ்க்யூ டிஸ்க் தேவையில்லை.

ஆன்டிவைரஸ் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால், ஸ்கேனர் கோப்பை நகலெடுத்து வேறு பெயர் வைத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், வைரஸ் அந்தக் கோப்பின் பெயரைக் குறிவைத்துத்தான் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) தடை போட்டிருக்கிறது. பெயர் மாற்றிய ஸ்கேனரையே ஓட விடுங்கள், பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன்.

டாஸ்க் மேனேஜர் வராது, ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வராது, சேஃப் மோடுக்குப் போனால் நீலத் திரை என்றால் சாலிட்டி வகையைச் சந்தேகியுங்கள். 2003-லிருந்து சுற்றும் குடும்பம் அது. சேஃப் மோடுக்கு வேண்டிய ரெஜிஸ்ட்ரி பகுதியையே அழித்துவிடும். விண்டோஸுக்குள் இருந்துகொண்டு அதோடு மல்லுக்கட்டாதீர்கள். நேராக ரெஸ்க்யூ டிஸ்க்குக்குப் போங்கள், அறிகுறி 7-ஐயும் படித்துவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்து சுத்தமாக இருக்கிறது, பென்டிரைவ் போட்டதும் திரும்ப வருகிறது என்றால் நோய் பென்டிரைவில் இருக்கிறது. ஃபோல்டர்கள் மறைந்து அவற்றின் பெயரில் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் கோப்புகள் போய்விடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ரெஸ்க்யூ டிஸ்க்கின் ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவைக்கும்; வெற்றிடத்தைப் பெயராக வைத்த ஃபோல்டர் அது. உள்ளே போய் ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் பென்டிரைவை ஃபார்மெட் செய்யுங்கள். ஷார்ட்கட்டைச் சொடுக்காதீர்கள்.

## அறிகுறி 2: பென்டிரைவைச் செருகினாலும் விண்டோஸே வருகிறது

முதலில் பூட் மெனுவுக்கான விசை சரியா என்று பாருங்கள். டெல், லெனோவா இரண்டுக்கும் எஃப்12. எச்பிக்கு எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப், ஆசுஸ் மதர்போர்டுக்கு எஃப்8. எம்எஸ்ஐ எஃப்11, ஜிகாபைட் எஃப்12. ஏசர் லேப்டாப்பில் எஃப்12 அழுத்தியும் வரவில்லையென்றால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். விசை பிடிபடவில்லையென்றால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் திரையில் யூஸ் எ டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மெனுவில் பென்டிரைவே இல்லையா? லேப்டாப்பின் வேறு யூஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். அப்போதும் இல்லையென்றால் ரூஃபஸில் மறுபடி எழுதுங்கள். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால், முதலில் கொடுத்ததை விட்டு மற்றதைக் கொடுங்கள். டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் போட்டால் "ஃபார்மெட் செய்யவா" என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அது பழுதில்லை, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத வடிவம், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுத்ததும் செக்யூர் பூட் வயலேஷன் என்று சிவப்புப் பெட்டி வந்தால் அந்த டிஸ்க்கில் ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லை என்று பொருள். பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள், வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். மீட்பு விசை காகிதத்தில் இருக்கிறதல்லவா?

பயாஸுக்குப் பாஸ்வேர்டு கேட்டு, அது யாருக்கும் தெரியவில்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். அது கடைக்காரர் வேலை, வாங்கிய ரசீதோடு போங்கள்.

## அறிகுறி 3: மெனு வருகிறது, அதன் பிறகு கறுப்புத் திரை

பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் காரணம். காஸ்பர்ஸ்கியில் லிமிடெட் கிராஃபிக் மோட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மற்ற டிஸ்க்குகளில் சேஃப் கிராஃபிக்ஸ் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளைக்கு மாற்றியும் பாருங்கள். எதுவும் உதவவில்லையென்றால் வேறு நிறுவனத்தின் டிஸ்க்கை எழுதிப் பாருங்கள், வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் அப்டேட் நடக்கும்போதே உறைந்துபோவது உண்டு. அங்கே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் ஸ்கேன் செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

## அறிகுறி 4: ஸ்கேனர் வந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

இதில் வழி மூன்றாகப் பிரியும். கவனமாகப் பாருங்கள், தவறான வழியில் போனால் செலவு.

டிரைவின் பெயர் தெரிகிறது, உள்ளே திறக்க முடியவில்லை. பிட்லாக்கர். சஸ்பெண்ட் செய்தால் மட்டும் போதாது, அப்போதும் டிஸ்க்கில் உள்ளவை பூட்டியேதான் இருக்கும். விண்டோஸ் ஓரளவு எழுகிறதென்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, டிவைஸ் என்க்ரிப்ஷனை முழுதாக அணைத்து, அது முடியும்வரை காத்திருங்கள். சார்ஜர் இணைந்திருக்கட்டும். விண்டோஸ் எழவே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, புதிய அப்டேட் உள்ள சுத்தமான விண்டோஸ் கணினியில் இணைத்து, 48 இலக்க விசையைக் கொடுத்துத் திறந்து, அங்கிருந்தே ஸ்கேன் செய்யலாம். அதிலுள்ள எந்த இஎக்ஸ்இ (மென்பொருளை ஓட்டும்) கோப்பையும் சொடுக்காமல் ஸ்கேனரை மட்டும் ஓட விடுங்கள்.

டிரைவின் பெயரே வரவில்லை, ஆனால் பயாஸில் தெரிகிறது. இன்டெல் 11-ம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. சில ரெஸ்க்யூ டிஸ்க்குகளுக்கு அதன் பின்னால் உள்ள எஸ்எஸ்டி தெரிவதில்லை. பயாஸில் இப்போது இருக்கும் நிலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு விஎம்டியை அணையுங்கள், ஸ்கேன் முடிந்ததும் அதே நிலைக்குத் திருப்புங்கள். இடையில் விண்டோஸைத் தொடங்கினால் நீலத் திரை வரும். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு அமைத்த கணினியில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அங்கே அமைத்தவரைக் கூப்பிடுங்கள்.

பயாஸிலும் தெரியவில்லை. வைரஸ் பிரச்சினை இல்லை. டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளிருப்பது முக்கியமென்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். அந்தச் செலவு புது டிஸ்க் விலையைப் போல் பல மடங்கு ஆகும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 5: வைரஸ் தெரிகிறது, நீக்க முடியவில்லை

"ரீட் ஒன்லி" என்று வந்தால் விண்டோஸ் முழுதாக அணையவில்லை என்று பொருள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருப்பதால் ஷட் டவுன் கொடுத்தாலும் பாதி நிலை டிஸ்க்கில் உறைந்திருக்கும். ரெஸ்க்யூ டிஸ்க் அதில் எழுத மறுப்பது சரியானதே. விண்டோஸுக்குத் திரும்பிப் போய், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் எழவில்லையென்றால், டிஸ்க் கேட்கும்போது உறைந்த நிலையை நீக்கச் சம்மதிக்கலாம். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை மட்டும் போகும்.

அதற்குப் பிறகும் எழுத மறுத்தால் கோப்பு அமைப்பில் பிழை இருக்கலாம். விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட விட வேண்டும். ஆனால் அதற்கு முன் அறிகுறி 6-ல் சொல்லும் எண்களைப் பாருங்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டினால் மிச்சமும் போகும்.

## அறிகுறி 6: அப்டேட் ஆகவில்லை, அல்லது ஸ்கேன் நகரவில்லை

வைஃபை தெரியவில்லையென்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். லான் கேபிள் செருகியதுபோல் எடுத்துக்கொள்ளும். இணையம் இருந்தும் அப்டேட் தோற்றால் திரையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு அப்டேட் சர்வர் பாதுகாப்பான இணைப்பு தராது. பயாஸில் தேதியைத் திருத்துங்கள், சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஸ்கேன் மெதுவாகப் போவது வேறு, நிற்பது வேறு. பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்வது சகஜம், இரவில் விட்டுவிடலாம். ஒரே கோப்பில் நெடுநேரம் நின்றால் அது பெரிய ஜிப் கோப்பா என்று பாருங்கள். ஆர்க்கைவ்களை விட்டுவிடச் சொல்லி மறுபடி தொடங்கலாம். சிறிய கோப்பிலேயே நிற்கிறது, டிஸ்க் கரகரக்கிறது என்றால் ஸ்கேனை உடனே நிறுத்துங்கள்.

பிறகு ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பதிவை, பாருங்கள். விண்டோஸ் எழுமென்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மூல மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 197-லும் 198-லும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், "வைரஸால் ஸ்லோ" என்று நினைத்ததற்கு உண்மைக் காரணம் டிஸ்க்தான். முழு ஸ்கேன் அந்த டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும், அதைத் தாங்கும் நிலையில் அது இல்லை. ரெஸ்க்யூ டிஸ்க்கின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, மிக முக்கியமான ஃபோல்டரிலிருந்து தொடங்கி நகலெடுங்கள். டிஸ்க்கை மாற்றிப் புதிதாக விண்டோஸ் போடுங்கள்.

## அறிகுறி 7: ஒரே பெயர் ஆயிரக்கணக்கான கோப்புகளில்

ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், கல்லூரி லேப் கணினிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஸ்கேன் பட்டியல் மளமளவென்று ஓடும்; ரேம்னிட், ரேம்னிட், ரேம்னிட் என்று எல்லா வரியிலும் ஒரே பெயர். 2010-ல் தலைகாட்டிய இது இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகளில் மட்டுமல்ல, எச்டிஎம்எல் கோப்புகளிலும் தன்னை ஒட்டவைக்கும். சந்தேகமென்றால் ரெஸ்க்யூ டிஸ்க்கின் டெக்ஸ்ட் எடிட்டரில் ஏதாவதொரு எச்டிஎம்எல் கோப்பைத் திறந்து கடைசிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்கிரிப்ட் ஒன்றும், முடிவே இல்லாததுபோல் நீளும் எண்ணும் எழுத்தும் கலந்த வரியும், நடுவே எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரும் தெரிந்தால் ரேம்னிட்தான். அதே கணினியில் போட்ட பென்டிரைவில் "காப்பி ஆஃப் ஷார்ட்கட் டு" என்ற பெயரில் ஷார்ட்கட்டுகள் நிற்கும்.

இங்கே எல்லோரும் கை வைக்கும் இடம் டெலீட் ஆல். வேண்டாம். பட்டியலில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் இருக்கும். நீக்கிவிட்டால் விண்டோஸ் எழாது. முதல் தேர்வு க்யூர் அல்லது டிஸின்ஃபெக்ட், அதாவது ஒட்டியதைப் பிரித்தெடுத்துக் கோப்பைப் பழையபடி ஆக்குவது. அது முடியாத கோப்புக்குக் குவாரண்டைன், அதாவது ஓட முடியாதபடி தனியே அடைத்து வைப்பது. டெலீட் கடைசி.

செய்யும் வரிசை இது. முதலில் ஆவணம், எக்செல், பிடிஎஃப், போட்டோ, வீடியோ ஆகியவற்றை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இஎக்ஸ்இ, டிஎல்எல், எஸ்சிஆர், எச்டிஎம்எல் எதையும் எடுக்காதீர்கள், "சாஃப்ட்வேர்" என்ற பெயரில் வைத்திருக்கும் ஃபோல்டரை அறவே தொடாதீர்கள். இந்த வைரஸ் பல கடைகளில் வருடக்கணக்காக உயிரோடு இருப்பது அந்த ஃபோல்டரால்தான். பிறகு பூட் செக்டார் உட்பட எல்லா டிரைவுகளையும் க்யூர் முறையில் ஸ்கேன் செய்யுங்கள். டி டிரைவை விட்டுவிட்டுச் சியை மட்டும் சுத்தம் செய்தால் பயனில்லை. முடிந்ததும் விண்டோஸுக்குள் போகாமல், வேறு நிறுவனத்தின் ரெஸ்க்யூ டிஸ்க்கில் இரண்டாவது முறை ஸ்கேன். இரண்டாவதில் ஒன்றும் வரவில்லையென்றால் விண்டோஸைத் தொடங்கலாம்.

இரண்டாவதிலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் வந்துகொண்டிருந்தால் மூன்றாவது தேவையில்லை. ஃபார்மெட் செய்து புதிதாக நிறுவுங்கள். பட்டியலில் விருட் என்ற பெயரைப் பார்த்தாலும் அப்படியே செய்யுங்கள். அது கோப்புகளில் புகும்போதே பலவற்றைச் சிதைத்துவிடும், பிரித்தெடுத்தாலும் கோப்பு ஓடாது. விண்டோஸின் "ரீசெட், என் கோப்புகளை வைத்துக்கொள்" என்ற வழியும் இங்கே உதவாது. வைத்துக்கொள்ளும் கோப்புகளிலேயே நோய் இருக்கும்.

டிடிபி நடத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் விசைகளை இடைமறித்துத்தான் வேலை செய்கின்றன. சில ஸ்கேனர்கள் அதைக் கீலாகர், அதாவது தட்டச்சு செய்வதைத் திருடும் மென்பொருள், என்று சந்தேகிக்கும். அவற்றைக் குவாரண்டைனில் வைத்துவிட்டு, தயாரித்தவரின் தளத்திலிருந்து புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள். கிராக் செய்த ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் இருந்தால் அவற்றைத் திருட்டுத்தனமாக ஓட வைக்கும் ஆக்டிவேட்டரும் பிடிபடும், பிறகு அந்த மென்பொருள் திறக்காது. கணினி அடுத்தவருடையது என்றால் ஸ்கேனுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 8: சுத்தம் செய்த பிறகு விண்டோஸ் சரியாக எழவில்லை

பாஸ்வேர்டு கொடுத்ததும் உள்ளே போய், உடனே வெளியே வந்துவிடுகிறது. உள்நுழைவின்போது ஓட வேண்டிய கோப்பின் இடத்தில் வைரஸ் தன் பெயரை எழுதியிருந்தது; ஸ்கேனர் கோப்பை நீக்கிவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. காஸ்பர்ஸ்கி, டாக்டர்வெப் இரண்டு டிஸ்க்கிலும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் உண்டு. அதில் விண்டோஸ் என்டி பகுதியின் வின்லாகான் கிளைக்குப் போங்கள். யூசர்இனிட் என்ற மதிப்பில் சிஸ்டம்32-ல் உள்ள யூசர்இனிட் இஎக்ஸ்இயின் முழுப் பாதையும், அதன் முடிவில் ஒரு காற்புள்ளியும் இருக்க வேண்டும். காற்புள்ளிக்குப் பிறகு வேறெதுவும் இருந்தால் அது வைரஸ் சேர்த்தது.

உள்ளே போகிறது, கறுப்புத் திரையும் அம்புக்குறியும் மட்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புது டாஸ்க்காக எக்ஸ்ப்ளோரரை ஓட விடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் அதே வின்லாகான் கிளையில் ஷெல் என்ற மதிப்பைப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் இஎக்ஸ்இ என்று மட்டும் இருக்க வேண்டும்.

விண்டோஸ் சின்னத்தோடு நிற்கிறது, அல்லது நீலத் திரை. பயாஸில் எதையாவது மாற்றினீர்களா? முதலில் அதைத் திருப்பிப் போடுங்கள், பாதிக் கணினிகள் அதிலேயே எழுந்துவிடும். அடுத்து ஸ்கேன் லாகைத் திறந்து, குவாரண்டைனுக்குப் போனவற்றில் டிரைவர் கோப்போ சிஸ்டம்32 கோப்போ இருக்கிறதா பாருங்கள். தொடங்கும்போது அடுத்தடுத்து சில முறை தோற்றால் விண்டோஸ் தானாகப் பழுதுநீக்கும் திரைக்குப் போகும். ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஒருமுறை ஓட விடுங்கள். பிறகு நோய்க்கு முந்தைய தேதியில் சிஸ்டம் ரெஸ்டோர். இரண்டும் தோற்றால் ரெஸ்க்யூ டிஸ்க்கில் மீதிக் கோப்புகளை நகலெடுத்துவிட்டுப் புதிய நிறுவல். இதற்கு மேல் ஒவ்வொரு டிரைவராகத் தேடிக்கொண்டிருப்பது ஒரு மாலைப் பொழுதைத் தின்னும், பலன் நிச்சயமில்லை.

எழுந்துவிட்டது, இணையம் மட்டும் இல்லை. பிராக்ஸி அமைப்பில் 127.0.0.1 (இதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்று இருந்தால் அணையுங்கள். வைரஸ் பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்த இடம் அது. ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், தளப் பெயருக்கு முகவரி சொல்லும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவற்றின் பெயர் எழுதப்பட்டிருக்கும், அந்த வரிகளை நீக்குங்கள். கடைசியாக நெட்வொர்க் ரீசெட்.

## அறிகுறி 9: கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய வால், பணம் கேட்டு ஒரு கடிதம்

ரான்சம்வேர். லான் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றுங்கள். ரெஸ்க்யூ டிஸ்க் அந்த வைரஸை நீக்கும். பூட்டிய கோப்பைத் திறக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபார்மெட் வரை போய்விடுகிறார்கள். கடிதத்தையும் பூட்டிய கோப்புகளையும் அழிக்காமல் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

பிறகு நோ மோர் ரான்சம் தளத்தில் கடிதத்தையும் ஒரு கோப்பையும் கொடுத்து எந்தக் குடும்பம் என்று பாருங்கள். 2016-ல் யூரோபோலும் டச்சுக் காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது அது. திறக்கும் கருவி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். வீட்டுக் கணினிகளில் அதிகம் வந்தது கிராக் மென்பொருள் வழியே பரவும் ஸ்டாப் அல்லது டிஜேவு என்ற குடும்பம். கடிதத்தின் பெயர் ரீட்மீ, முன்னால் ஒரு அடிக்கோடு. அதில் உள்ள உங்கள் தனிக் குறி "டி1" என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவியால் பூட்டியது; 2019-ல் எம்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட கருவியால் திறக்க வாய்ப்பு உண்டு. வேறு மாதிரி முடிந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. இந்தக் குடும்பம் ஒவ்வொரு கோப்பின் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டுகிறது. பெரிய வீடியோக்களையும் ஜிப் கோப்புகளையும் பழுதுநீக்கும் கருவிகளால் ஓரளவு மீட்கலாம். கல்யாண வீடியோவை அழித்துவிடும் முன் இதை ஒருமுறை முயலுங்கள்.

இந்தியாவில் பண இழப்பு இருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். நிறுவனக் கணினி என்றால் 2022 ஏப்ரலில் வந்த ஆணைப்படி 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சர்வரும் பகிர்வு ஃபோல்டர்களும் பூட்டப்பட்டிருந்தால் நீங்களாக எதையும் ஸ்கேன் செய்யாதீர்கள், தடயம் அழியும். இது தொழில்முறையாளரின் வேலை.

## அறிகுறி 10: ஃபார்மெட் செய்தும் திரும்ப வருகிறது

பயாஸில் புகுந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். முதலில் சாதாரண வழிகளைப் பாருங்கள்: திரும்ப நகலெடுத்த பேக்கப், அதே பழைய இன்ஸ்டாலர், அதே பென்டிரைவ், லானில் உள்ள பக்கத்துக் கணினி. பிரவுசரில் கணக்கைத் திறந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன் சிங்க் வழியே திரும்ப வந்துவிடும், அதை நீக்குங்கள். வீட்டில் உள்ள எல்லா போன்களிலும் ஒரே விளம்பரப் பக்கம் வந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் அமைப்பு) மாற்றப்பட்டிருக்கிறது. ரவுட்டரை ரீசெட் செய்து புதிய பாஸ்வேர்டு வையுங்கள்.

இவையெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஃபர்ம்வேரை, அதாவது மதர்போர்டு சிப்பில் உள்ள மென்பொருளை, சந்தேகிக்க வேண்டும். 2018-ல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் மதர்போர்டின் சிப்பிலேயே தங்கியது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, எந்த ரெஸ்க்யூ டிஸ்க்காலும் நீங்காது. 2022-ல் தலைகாட்டிய பிளாக்லோட்டஸ் செக்யூர் பூட்டையே தாண்டியது, ஆனால் அது தங்கியது டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில், அதாவது கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் பகுதியில். அதனால் புதிதாக நிறுவும்போது எல்லாப் பார்ட்டிஷன்களையும், அந்தச் சிறிய இஎஃப்ஐ பகுதியையும் சேர்த்து நீக்குங்கள். பிறகு தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பயாஸை எடுத்துப் போடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் இணைந்திருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் சிப்பைப் புரோகிராமர் என்ற கருவியில் வைத்து எழுதும் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஸ்கேன் பட்டியலின் போட்டோ, எந்தெந்த டிஸ்க்கால் ஸ்கேன் செய்தீர்கள் என்ற விவரம், பயாஸில் மாற்றியவை ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மீட்பு விசையை அவர் கேட்கும்போது மட்டும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஃபார்மெட் செய்யலாமா கூடாதா என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.